ஃப்யூஸ் நிற்காத சப்வூஃபர்: மன்னார்குடிப் பக்கத்து வீட்டு ஆம்ப் ஒன்றின் முழு ஆய்வு

வந்த புகார்

மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமத்தில், வயலை ஒட்டிய வீட்டில் ஓடிக்கொண்டிருந்த 12 இஞ்ச் பவர்டு சப்வூஃபர் இது. ஆம்ப்ளிஃபையர் தனியாக இல்லை. பெட்டியின் பின்பக்கத் தகட்டிலேயே மாட்டியிருக்கிறது. ஏபி கிளாஸ், அதாவது அலையின் பிளஸ் பாதியையும் மைனஸ் பாதியையும் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டு ஓட்டும் வகை. 4 ஓம் ஸ்பீக்கர், 300 விஏ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரியில் இரண்டு 38 வோல்ட், அதிலிருந்து கூட்டல் கழித்தல் 53 வோல்ட் டிசி. ஒவ்வொரு பக்கத்துக்கும் 10,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. அவுட்புட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி. தகட்டில் அச்சிட்டிருந்த ஃப்யூஸ் 2.5 ஆம்பியர், ஸ்லோ ப்ளோ, 5 × 20 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழல்.

வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான்: “பாட்டு நல்லாத்தான் பாடுது தம்பி. தவிலு உருட்டி அடிக்கிற எடம் வந்தா பொட்டுனு அடங்கிப்போயிடுது.”

முன்பு பார்த்த இடங்களில் இதைக் கேட்டு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: வால்யூம் அதிகம், ஓவர்லோடு. ஐப்பசி மழையில் முதல் தடவை போனபோது ஃப்யூஸ் மட்டும் மாற்றப்பட்டது. சில நாள் ஓடியது. அடுத்த தடவை அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு மாற்றப்பட்டன. அதற்கடுத்த தடவை 2.5 ஆம்பியர் கிடைக்கவில்லை என்று 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஃப்யூஸ் தாங்கியது, போர்டு தாங்கவில்லை. ஒரு செப்புத் தடம் பலகையிலிருந்து உரிந்து எழும்பி, இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்கள் வெடித்த நிலையில்தான் பெட்டி மேஜைக்கு வந்தது.

நல்ல வேளையாக அறுந்த ஃப்யூஸ்களை வீட்டுக்காரர் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கூடவே கொடுத்திருந்தார். இந்த வேலையில் முதல் சாட்சி அதுதான்.

ஃப்யூஸைப் படிப்பது

முதலில் அறுந்த ஃப்யூஸின் கண்ணாடி தெளிவாக இருந்தது. கம்பியின் நடுப்பகுதி மட்டும் உருகிப் போய், இரு முனையிலும் சின்னச் சின்ன உருண்டை. இது டெட் ஷார்ட் இல்லை. அளவுக்கு மேலான கரண்ட் சில நொடிகளாவது ஓடி, கம்பி சூடேறி உருகியிருக்கிறது. இரண்டாவது ஃப்யூஸ் உள்பக்கம் முழுக்கக் கறுத்து, கண்ணாடியில் உலோகப் படலம் படிந்திருந்தது. அது நேரடி ஷார்ட். கம்பி உருகவில்லை, ஆவியாகியிருக்கிறது.

ஆக, முதல் சம்பவத்தில் டிரான்சிஸ்டர்கள் சாகவில்லை. ஏதோ ஒன்று அவற்றைக் கொஞ்ச நேரம் வாட்டியிருக்கிறது. ஃப்யூஸ் மட்டும் மாற்றியதும் பெட்டி மறுபடி பாடியதற்குக் காரணம் அதுவே. இரண்டாவது சம்பவத்தில் அதே “ஏதோ ஒன்று” டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிட்டது. செத்த டிரான்சிஸ்டர் காரணமல்ல, விளைவு. அதை மாற்றிவிட்டு விட்டால் அடுத்த ஜோடியும் அதே வழியில் போகும் என்பது இந்த இரண்டு கண்ணாடிக் குழல்களிலேயே தெரிகிறது.

ஃப்யூஸின் உலோகத் தொப்பியில் எழுத்து இருக்கும். டி என்றால் மெதுவாக அறும் வகை, எஃப் என்றால் வேகமாக அறும் வகை. டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில், மெயின் அலையின் எந்த இடத்தில் சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு பாதி அலை நேரத்துக்குப் பத்து ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அங்கே எஃப் வகை போட்டால் எந்தப் பழுதும் இல்லாமலேயே அறும். அதுவும் ஒவ்வொரு தடவையும் அறாது. நாலு தடவை நிற்கும், ஐந்தாவதில் போகும். “சுவிட்ச் போடும்போது மட்டும் சில சமயம் போகுது” என்று யாராவது சொன்னால், வேறு எதையும் திறப்பதற்கு முன் தொப்பியில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். இந்தப் பெட்டியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இங்கே ஃப்யூஸ் அறுந்தது பாட்டு ஓடும்போது.

ஃப்யூஸ் எந்த நேரத்தில் போகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே பாதிப் பரிசோதனை. ஆன் செய்த கணத்திலேயே என்றால் ஷார்ட் அல்லது தவறான ஃப்யூஸ். சில நிமிடம் கழித்து, பாட்டே இல்லாமல் என்றால் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைச் சற்றே திறந்து வைக்கும் வோல்டேஜ், கட்டுமீறி ஓடுகிறது. சத்தம் ஏறும்போது என்றால் ஸ்பீக்கர், வயர், அவுட்புட், அல்லது அதிர்வில் விட்டுப்போகும் ஏதோ ஒரு தொடர்பு. கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சப்வூஃபரில் ஆம்ப் போர்டு ஸ்பீக்கரோடு ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் குலுங்குகிறது.

குண்டு பல்பு வழியாக ஆன் செய்தல்

மெயினோடு சீரிஸில் 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது; இழை சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும் குணம்தான் நமக்கு வேண்டும். 230 வோல்ட்டில் முழுசாக எரியும்போது 529 ஓம் இருக்கும் அந்த இழை, குளிர்ந்திருக்கையில் 40 ஓம் அளவுக்கே இருக்கும். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும், போர்டு பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் கெபாசிட்டர் நிரம்பும் வரை ஒரு மின்னல், பிறகு மங்கி அணைந்துவிடும்.

போர்டில் கை வைக்கும் முன் பெரிய கெபாசிட்டர்களை வடிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பழக்கமாகிவிட்ட வேலை. கெபாசிட்டரின் உள் இணைப்பும் கெடும், தீப்பொறி கண்ணிலும் தெறிக்கும். 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் வயர் பற்றவைத்து, ஒவ்வொரு ரயிலிலிருந்தும் (கூட்டல் 53, கழித்தல் 53 வோல்ட் கோடுகள்) கிரவுண்டுக்குத் தனித்தனியாக ஐந்து நொடி பிடித்தால் போதும். பிறகு மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். இரண்டு ரயிலுக்கும் இடையே 106 வோல்ட் டிசி நிற்கிறது. கை நனைந்திருந்தால் அது சாதாரணமாக விடாது.

இந்தப் பெட்டியில் பல்பை வைத்துப் பிரித்துப் பார்த்த வரிசை இது. செகண்டரி வயர் மூன்றையும் போர்டிலிருந்து கழற்றி ஆன் செய்தபோது பல்பு எரியவே இல்லை. செகண்டரியில் இரண்டு பக்கமும் சமமான ஏசி. எனவே டிரான்ஸ்ஃபார்மரில் சுற்று ஷார்ட் இல்லை, மெயினுக்குக் குறுக்கே இருக்கும் வேரிஸ்டரும் (வோல்டேஜ் எகிறினால் தடுக்கும் உறுப்பு) எக்ஸ் கெபாசிட்டரும் (மெயின் இரைச்சலை வடிகட்டுவது) சரி. அடுத்து பிரிட்ஜும் கெபாசிட்டர்களும் மட்டும்: ஒரு மின்னல், பிறகு இருட்டு. பவர் சப்ளை முழுக்க நல்லது. ஆம்ப் பகுதியைச் சேர்த்தால் பல்பு முழு வெளிச்சம். பழுது அங்கே மட்டும்.

ஸ்பீக்கரைத் தனியாகப் பார்த்தோம். டிசி ரெசிஸ்டன்ஸ் 3.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சரியான அளவு. கோனின் நடுவை ஒட்டி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து அழுத்தி விட்டால் காயில் எங்கும் உரசவில்லை. பெட்டிக்குள் போகும் வயரும் நல்லது. ஓவர்லோடு என்று முன்பு சொன்னதற்கு ஸ்பீக்கர் பக்கம் எந்த ஆதாரமும் இல்லை.

ஆம்ப் போர்டில் கண்டது

ஒரே பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பேரலலில் இணைந்திருப்பதால், ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றதும் ஷார்ட் போலவே மீட்டர் காட்டும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றியபோது 5200 இரண்டுமே கலெக்டர்–எமிட்டர் ஷார்ட், 1943 ஒன்று ஷார்ட், மற்றொன்று நல்லது. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் இரண்டு ஓப்பன். அவுட்புட்டை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் மீட்டரில் நல்லவை.

பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் சேர்ந்து போயிருப்பதைக் கவனிக்க வேண்டும். டிரைவர்கள் இரண்டின் அடியிலும் பலகை ஒரே அளவு பழுப்பேறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் வேறு கதை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்து, பிளஸ் ரயிலிலிருந்து மைனஸ் ரயிலுக்கு ஸ்பீக்கரைத் தொடாமலேயே கரண்ட் நேராக ஓடியிருக்கிறது. ஸ்பீக்கர் காயில் கருகாமல் தப்பியதும் அதனால்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கும் அதிகாரம் உள்ள பகுதி போர்டில் ஒன்றே ஒன்று: பயாஸ் சர்க்யூட்.

அங்கே இரண்டு கோளாறு கிடைத்தது.

முதலாவது, பயாஸ் டிரான்சிஸ்டர். அது ஹீட் சிங்கில் ஒட்டி, அவுட்புட்டின் சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்க வேண்டியது. இந்தப் பெட்டியில் அதன் கிளிப்பே இல்லை. கால் வளைந்து காற்றில் நின்றது. முந்தைய வேலையில் அவுட்புட்டை மாற்றியவர்கள் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை. ஒரு ஜங்ஷனின் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். டிரைவர், அவுட்புட் என வரிசையில் நான்கு ஜங்ஷன், ஆக 8 மில்லிவோல்ட். ஹீட் சிங்க் 40 டிகிரி ஏறினால் பயாஸ் 0.3 வோல்ட் இறங்கியாக வேண்டும். உணரும் டிரான்சிஸ்டர் காற்றில் நின்றால் அது இறங்காது. அந்த 0.3 வோல்ட் அப்படியே உபரிக் கரண்டாக அவுட்புட்டில் ஓடும், அது இன்னும் சூடாக்கும், சூடு இன்னும் கரண்டைக் கூட்டும்.

ஆனால் இது முதல் சம்பவத்தை விளக்காது. அப்போது யாரும் போர்டைத் தொடவில்லை. கிளிப் கம்பெனி மாட்டிய இடத்திலேயே இருந்திருக்கிறது. அதற்கும் முந்தைய காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்.

அதுதான் பிரீசெட், பயாஸ் அளவைத் திருகி வைக்கும் சின்ன மாறு ரெசிஸ்டர். திறந்த வகை, 2 கிலோ ஓம் கார்பன் பிரீசெட். கழற்றி இரண்டு ஓரக் கால்களுக்கு இடையே அளந்தால் 2.03 கிலோ ஓம். பார்ப்பவர் நல்லது என்று சொல்லிவிடுவார். நடுக்காலுக்கும் ஓரத்துக்கும் இடையே 790 ஓம், அதுவும் சரி. மீட்டரைக் கழற்றாமல் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டினால் எண் துள்ளுகிறது: 790, 1,400, பிறகு ஓப்பன், மறுபடி 790. பூதக்கண்ணாடியில் பார்த்தால் திருகும்போது நகரும் நடுக்கை கார்பனில் உட்காரும் இடத்தில் வெளிறிய பொடி, ரிவிட்டைச் சுற்றி மெல்லிய பச்சை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரக்காற்று. பெட்டி பல நாள் ஆன் ஆகாமல் கிடந்து ஈரம் இழுக்கும், ஒரு நாள் ஓடிச் சூடாகும், மறுபடி ஈரம். அந்த மாற்றத்தில் திறந்த பிரீசெட் முதலில் போகும் உறுப்புகளில் ஒன்று.

பிரீசெட் இருந்த இடம் இன்னும் மோசம். பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில், 2.2 கிலோ ஓமோடு சீரிஸில் வைத்திருந்தார்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கு 1 கிலோ ஓம் நிலையாக. நடுக்கை விட்டால் பேஸுக்குக் கரண்ட் கிடைக்காது, பயாஸ் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும், அதன் மேல் நிற்கும் வோல்டேஜ் 2.5-லிருந்து ஏறத் தொடங்கும். அவுட்புட் இரு பக்கமும் திறக்கும். 0.22 ஓம் இரண்டு சேர்ந்து 0.44 ஓம், பயாஸில் கூடுதலாக அரை வோல்ட் நின்றாலே ஒரு ஜோடியில் சுமார் 1 ஆம்பியர். இரண்டு ஜோடி, 106 வோல்ட்: பாட்டே இல்லாமல் 200 வாட்டுக்கு மேல் சூடு.

நடுக்கை விட்டுத் தொடுவது மிகக் குறுகிய நேரம்தான். அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ளவே பயாஸுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தது. கழற்றி அளந்தால் 2.1 மைக்ரோஃபாரட், ஹீட் சிங்குக்குப் பக்கத்திலேயே நின்று காய்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஓடுவது 6 மில்லி ஆம்பியர். நல்ல கெபாசிட்டர் இருந்தால் அரை வோல்ட் ஏற 0.8 மில்லி நொடி ஆகும். காய்ந்ததில் 0.2 மில்லி நொடிக்கும் குறைவு.

தவில் உருட்டும் இடத்தில் ஏன் அடங்கியது என்பதற்குப் பதில் இதோ. தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றுக்கும் பெட்டி அதிர்கிறது, பிரீசெட்டின் கை குதிக்கிறது, ஒவ்வொரு குதிப்பிலும் இரண்டு பக்க அவுட்புட்டும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகிறது. ஓர் அடிக்கு ஒன்றுமில்லை. உருட்டலில் அடி மேல் அடி. சத்தம் காரணம் போலத் தெரிந்தது, உண்மையில் அதிர்வு காரணம். வால்யூமைக் குறைத்தால் பழுது தெரியாமல் போனதற்கும் இதுவே விடை.

மாற்றியது, மாற்றிய விதம்

முதலில் போர்டு கழுவல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு தரம். தின்னர் போடாதீர்கள், எழுத்தையும் சில கெபாசிட்டர்களின் உறையையும் அரித்துவிடும். பிறகு 60 வாட் பல்புக்கு ஓர் அடி தள்ளி வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். உரிந்த தடத்தை வெட்டி எறிந்துவிட்டு 1 சதுர மில்லிமீட்டர் வயரால் பாலம் போட்டோம்.

மாற்றிய பாகங்கள்: அவுட்புட் நான்கு, 0.22 ஓம் 5 வாட் நான்கு, டிரைவர் இரண்டு, பேஸில் வரும் 4.7 ஓம் நான்கு, பயாஸ் டிரான்சிஸ்டர், அதன் கெபாசிட்டர், பிரீசெட். மீட்டரில் நல்லதாகத் தெரிந்த டிரைவர்களையும், தப்பிய ஒரே 1943-ஐயும் ஏன் தூக்கிப் போட வேண்டும் என்று கேட்கலாம். பலகை பழுப்பாகும் அளவுக்குச் சூடு பார்த்த டிரான்சிஸ்டரை 0.6 வோல்ட் டையோடு ரேஞ்சில் பார்த்துச் சான்று கொடுக்க முடியாது. புதிய மூன்றோடு பழைய ஒன்றைச் சேர்த்தால் பாரம் சமமாகப் பிரியாது.

5200, 1943 வாங்கும்போது போலி அதிகம். டேட்டா ஷீட்படி 5200 தாங்குவது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். அதே உறைக்குள் சின்ன சில்லை வைத்து விற்கும் சரக்கு, பல்பு வழியாக ஆன் செய்தால் பிரமாதமாக நிற்கும், பாரம் ஏறியதும் போகும். கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டாம், அளக்கலாம். கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே கெபாசிட்டன்ஸ் மீட்டர் வையுங்கள். ஒரிஜினல் சில்லு பெரியது, கெபாசிட்டன்ஸும் அதற்கேற்றபடி பெரியது: 10 வோல்ட் நிற்கையில் 5200-க்குச் சுமார் 200, 1943-க்குச் சுமார் 360 பைக்கோஃபாரட் என்பது டேட்டா ஷீட் கணக்கு. மீட்டர் வோல்டேஜ் இல்லாமல் அளப்பதால் அதைவிட நிறையக் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதற்கும் கீழே காட்டினால் அது போலி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெயின் குழு எழுத்து, ஆர் அல்லது ஓ, நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

மைக்கா தகடு புதிதாக, இரு பக்கமும் வெள்ளை கம்பவுண்ட் மெல்லிய பூச்சாக. அள்ளி அப்பினால் சூடு கடத்துவதற்குப் பதில் தடுக்கும். ஸ்க்ரூ முறுக்கிய பின் ஒவ்வொரு கலெக்டரிலிருந்தும் ஹீட் சிங்குக்கு மெகா ஓம் ரேஞ்சில் பார்த்து ஓப்பன் என்று உறுதி செய்தோம். ஹீட் சிங்க் துளையோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிசிறு மைக்காவைக் குத்தி, அடுத்த ஃப்யூஸைக் காலி செய்யும்.

பிரீசெட்டை அதே இடத்தில் புதிதாகப் போட்டு முடித்திருக்கலாம். அது அடுத்த மழைக்காலம் வரை மட்டும் தாங்கும் வேலை. இடத்தையே மாற்றினோம். கலெக்டர்–பேஸ் நடுவில் இப்போது நிலையான 3.3 கிலோ ஓம். பேஸ்–எமிட்டர் நடுவில் 820 ஓமோடு சீரிஸில் 500 ஓம், மூடிய வகை, பல சுற்றுத் திருகும் செர்மெட் பிரீசெட். நடுக்காலையும் மூன்றாவது காலையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டோம். நடுக்கை விட்டாலும் முழு 500 ஓம் சேர்ந்து 1,320 ஓமாக நிற்கும், பயாஸ் 2.2 வோல்ட்டுக்கு இறங்கும், அவுட்புட் குளிர்ந்துவிடும். உறுப்பு கெட்டால் பாட்டின் தரம் சற்றுக் குறையும்; டிரான்சிஸ்டர் சாகாது. சரியான பயாஸான 2.5 வோல்ட், 1.1 கிலோ ஓம் அருகே கிடைக்கிறது. திருக இரு பக்கமும் இடம் இருக்கிறது. குறுக்கே 47 மைக்ரோஃபாரட், 105 டிகிரி வகை. பயாஸ் டிரான்சிஸ்டரை அவுட்புட் இரண்டுக்கும் நடுவில், மைக்கா வைத்து, ஸ்க்ரூவால் ஹீட் சிங்கில் இறுக்கினோம்.

ஆன் செய்த வரிசை

அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாட்டாமல், டிரைவர் வரை மட்டும் முதலில். அப்படி ஆன் செய்தால் ஃபீட்பேக் அறுந்து அவுட்புட் ஒரு ரயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவுட்புட்டின் இரு பேஸ் கோட்டிலிருந்தும் அவுட்புட் கோட்டுக்கு 47 ஓம் அரை வாட் ஒவ்வொன்று தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லை. பிரீசெட் அதிக ரெசிஸ்டன்ஸ் பக்கம் முழுக்கத் திருகியிருக்க வேண்டும். 100 வாட் பல்பு வழியாக ஆன். அவுட்புட் கோட்டில் டிசி 14 மில்லிவோல்ட். 50-க்குள் இருந்தால் சரி. டிரைவர் பேஸ் இரண்டுக்கும் நடுவே 2.2 வோல்ட். திருகினால் சீராக ஏறி இறங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பிரீசெட்டின் நடுக்காலைச் சாலிடர் உருக்கி வேண்டுமென்றே விடுவித்துப் பார்த்தோம். பயாஸ் 2.5-லிருந்து 2.2-க்கு இறங்கியது. பழைய சர்க்யூட்டில் இதைச் செய்திருந்தால் ஏறியிருக்கும். காரணம் இதுதான், சரிசெய்ததும் இதைத்தான் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கிடையாது.

பிறகு 47 ஓம்களை எடுத்துவிட்டு அவுட்புட் நான்கையும் மாட்டி, பிரீசெட்டை மறுபடி அதிக ரெசிஸ்டன்ஸுக்குக் கொண்டுபோய், பல்பு வழியாக ஆன். மின்னல், இருட்டு. பல்பை நீக்கி நேரடி மெயினில்தான் பயாஸ் வைக்க வேண்டும். பல்பு வழியாக ரயில் வோல்டேஜ் குறைவாக இருப்பதால் அங்கே வைத்த அளவு மெயினில் கூடிவிடும். ஒரு ஜோடியின் இரு எமிட்டருக்கும் நடுவே 11 மில்லிவோல்ட், அதாவது 25 மில்லி ஆம்பியர். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் பாடாத சப்வூஃபருக்கு இது தாராளம். ஹைஃபை ஆம்புக்கு வைப்பது போல 50, 100 மில்லி ஆம்பியர் வைத்து வீணாகச் சூடாக்க வேண்டாம்.

பாரச் சோதனைக்கு ஸ்பீக்கர் வேண்டாம். 39 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் பத்தைப் பேரலலில் கட்டினால் 3.9 ஓம், 100 வாட் தாங்கும். 40 ஹெர்ட்ஸ் சைன் அலை, அவுட்புட்டில் 11.8 வோல்ட் ஏசி, அதாவது 35 வாட், அரை மணி நேரம். முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கு இது. ஏபி கிளாஸ் ஹீட் சிங்கைச் சோதிக்க நல்ல அளவு. ஹீட் சிங்க் 58 டிகிரியில் நின்றது. சிக்னலை நிறுத்தியதும் பயாஸ் 13 மில்லிவோல்ட், ஐந்து நிமிடத்தில் திரும்ப 11. ஏறிக்கொண்டே போயிருந்தால் பயாஸ் டிரான்சிஸ்டரின் ஒட்டுதல் சரியில்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஸ்பீக்கரை மாட்டிப் பெட்டியை மூடி, நல்ல தவில் பதிவு ஒன்றை உரக்க ஓடவிட்டு, மெயின் லைனில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தோம். அடிக்கேற்ற ஏற்ற இறக்கம் மட்டும். இடையில் காரணமில்லாத துள்ளல் எதுவும் இல்லை. பெட்டியின் மேல் கையால் தட்டியபோதும் இல்லை. 2.5 ஆம்பியர் டி வகை ஃப்யூஸ் நிற்கிறது.

டெல்டாவில் இதே புகாருக்கு வேறு காரணங்கள்

எல்லாப் பெட்டியிலும் பிரீசெட் குற்றவாளி இல்லை. நியூட்ரல் விட்டுப்போகும் ஊர்களில் ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் 350 வோல்ட்டுக்கு மேல் வந்துவிடும். அப்போது 14டி471கே போன்ற வேரிஸ்டர், 300 வோல்ட் ஏசி வரை தாங்குவது, தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃப்யூஸை அறுக்கும். மெயினுக்குக் குறுக்கே நிற்கும் நீல வட்டத் தகடு வெடித்தோ கறுத்தோ இருந்தால் அதை மாற்றுங்கள். வெட்டிவிட்டு வேரிஸ்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். அடுத்த தடவை நியூட்ரல் விட்டுப்போனால் டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் போகும்.

பல்லி இன்னொன்று. சப்வூஃபரின் காற்றுக் குழாய் வழியாகப் போய், வெதுவெதுப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒண்டி, மெயின் கனெக்டர் இரண்டையும் ஒருசேரத் தொட்டுவிடும். குழாயின் உள்முனையில் பிளாஸ்டிக் கொசுவலையைத் துணிபோல இறுக்காமல், ஒரு கூண்டாகக் கட்டுங்கள். இறுக்கினால் காற்று சீறும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் பிரிட்ஜின் கால்களுக்கு இடையே வெண்பொடி பூத்து லீக் ஆவதும் உண்டு. கழுவிக் காயவைத்து கன்ஃபார்மல் லாக்கர் (ஈரம் புகாத பூச்சு) அடிப்பதே வழி.

புதிய மெலிந்த பெட்டிகளில் டொராய்டல் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) இருக்கும். அங்கே ஃப்யூஸ் ஆன் செய்ததுமே கறுத்துப் போனால் பிரைமரி மாஸ்ஃபெட், பிரிட்ஜ், மெயின் கெபாசிட்டர் என்ற வரிசையில் பாருங்கள். அந்தக் கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். ஆஃப் செய்த பின்னும் நிற்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பெட்டி திரும்பப் போன வீட்டில் மாலையில் 198, நள்ளிரவில் 248 வோல்ட். 248-ல் ரயில் 57 வோல்ட் வரை ஏறும். 63 வோல்ட் கெபாசிட்டருக்கு இடைவெளி குறைவு. ஹை கட் ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் ஒன்று கட்டாயம் என்று சொல்லப்பட்டது. ஹம் சத்தம் போக எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். அதைத் திரும்பப் போட்டு, கேபிள் டிவி வயர் வழியாக வந்த எர்த் லூப்பை ஐசொலேட்டர் வைத்து நிறுத்தினோம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஈரம் ஏறாமல் ரப்பர் கால் வைத்து நிறுத்தியாயிற்று. உதிரி ஃப்யூஸ் இரண்டு, 2.5 ஆம்பியர் டி வகை, ஃப்யூஸ் கப்பின் பக்கத்திலேயே டேப்பில் ஒட்டப்பட்டது. 5 ஆம்பியர் கையில் அகப்படவே கூடாது என்பதற்காக.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் போடாமல் வைத்த சப்வூஃபர் எதுவானாலும், பாட்டு எதுவும் கொடுக்காமல் அரை மணி நேரம் ஆனில் விட்டு ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு இருந்தால் அணைத்துவிடுங்கள். பயாஸை அளந்து பார்க்காமல் மறுபடி போட வேண்டாம்.